வருகைப் பதிவில் பத்து விநாடி

சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு அவள் மேசைக்கு அடியில் புகுந்தாள். புகுந்தாள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் நடந்தது அவ்வளவு சுலபமாக இல்லை. முதலில் வலது முழங்காலைக் கெஞ்சி மடக்கினாள். பிறகு இடது முழங்காலை அதட்டி மடக்கினாள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, "யப்பா" என்று ஒரு மூச்சு விட்டு, மிச்ச உடம்பைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டாள். காலை ஆறு மணி ஷிப்ட் முடிந்து வந்து இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. கூட வேலை செய்பவள் லீவு போட்டுவிட்டதால் இரவுப் பத்து மணிக்கு மறுபடியும் போக வேண்டும். நடுவில் கிடைக்கிற ஆறேழு மணி நேரத்தில் தூங்குவதா, இந்த வயர்களைச் செருகுவதா என்று அவள் யோசிக்கவே இல்லை. யோசித்தால் தூக்கம்தான் ஜெயிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மேசைக்கு மேலே அவள் கணவரின் ரேடியோ. பேசவும் கேட்கவும் ஆன ரேடியோ; அதற்கென்று பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கியவர்கள் மட்டும் இயக்கலாம். அதன் பக்கத்தில் ஒரு பழைய மடிக்கணினி. இரண்டுக்கும் நடுவே சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, வெள்ளிக்கிழமைக் கூரியரில் வந்தது. அதன் ஒரு பக்கத்து வயர் கணினிக்குப் போக வேண்டும். மறுபக்கத்து வயர் ரேடியோவின் முதுகில் இருக்கும் ஆறு ஓட்டைக் குழியில் போய் உட்கார வேண்டும். மேசை சுவரோடு ஒட்டி இருந்ததால் ரேடியோவின் முதுகை எட்டிப் பிடிக்க அடியிலிருந்து கையை விட்டால்தான் உண்டு.

"அண்ணி, உள்ளயே குடிபோயிடப் போறீங்களா? வாடகை கம்மியா?" என்றாள் நாத்தனார், டார்ச்சைப் பிடித்தபடி.

"டார்ச்ச நேரா பிடிம்மா. என் கண்ணுக்கா வைத்தியம் பார்க்கிறே?"

"நேராத்தான் பிடிச்சிருக்கேன். நீங்கதான் கோணலா இருக்கீங்க."

நாத்தனார் கணவருக்குத் தங்கை. இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். அண்ணி வேலைக்குப் போகிற நேரமெல்லாம் அண்ணனைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். வாய் ஒரு கணம் ஓயாது. ஆனால் அண்ணனுக்குச் சட்டை மாற்றும்போதும் மருந்து கொடுக்கும்போதும் கை அத்தனை மெதுவாக இருக்கும்.

"ஆயிரம் சொல்லுங்க, இந்தப் பெட்டிதான் எங்கண்ணனுக்கு மூத்த சம்சாரம். நீங்க இரண்டாவதுதான்" என்றாள்.

"மூத்தவளுக்கு இடுப்பு வலி இல்ல. அதான் மேசை மேல ஜம்முனு உட்கார்ந்திருக்கா."

ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவரிடமிருந்து சத்தமில்லை. சிரிக்கிறாரா என்று அடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இல்லை. அவர் ரேடியோவையும் பார்க்கவில்லை, மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாடி ஆழமுள்ள லிஃப்ட் கிணறுகளுக்குள் நின்று மேலே இருக்கும் ஆளுக்குக் கத்திக் கத்தியே வளர்ந்த குரல் அவருடையது. ரேடியோ நண்பர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஸ்பீக்கர்'. உங்களுக்கு எதற்குய்யா ரேடியோ, ஜன்னலைத் திறந்து வைத்துப் பேசினாலே எங்களுக்குக் கேட்கும் என்பார்கள். தந்தி மொழியில் டொக் டொக்கென்று தட்டிப் பேசுகிறவர்களை அவர் 'மரங்கொத்திகள்' என்று கேலி செய்வார், கற்றுக்கொள்ளவும் இல்லை. எட்டு மாதத்துக்கு முன் ஒரு விடிகாலையில் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. "வார்த்தையெல்லாம் உள்ளே பத்திரமா இருக்கு. வெளியே தள்ளுற தசைதான் வேலை செய்யல" என்றார் டாக்டர். பத்திரமாக இருந்து யாருக்கு என்ன லாபம்? வாயைத் திறந்தால் ஆ, ஊ என்று ஒரு சத்தம்தான் வந்தது. அந்தச் சத்தத்தைத் தானே கேட்கப் பிடிக்காமல் அதையும் நிறுத்திவிட்டார்.

பயிற்சி கொடுக்க வந்த பெண் ஓர் அட்டையைத் தந்துவிட்டுப் போனாள். தண்ணீர், கழிப்பறை, கட்டில், வலி என்று நான்கு படம். வேண்டியதைத் தொட்டுக் காட்டினால் போதும். எட்டு மாதத்தில் அவர் அந்த அட்டையை ஒருமுறைகூடத் தொடவில்லை. தாகம் எடுத்தால் கைத்தடியால் தரையில் இரண்டு தட்டு. அவ்வளவுதான் பேச்சு.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் அவர் வேறு ஆள். ஆறரைக்கே சவரம் செய்துவிடச் சொல்லி முகவாயைத் தூக்கிக் காட்டுவார். ஏழு மணிக்கு அவருடைய குழு ரேடியோவில் கூடும். குழுவை நடத்துகிறவரை எல்லாரும் 'ஹெட்மாஸ்டர்' என்பார்கள். நிஜமாகவே ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர்தான். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டை விட மனமில்லாமல் காற்றிலே ஒன்று வைத்திருக்கிறார் என்று கேலி பேசுவார்கள். ஒவ்வொருவருக்கும் லைசன்ஸோடு கிடைத்த, எழுத்தும் எண்ணும் சேர்ந்த அழைப்புக்குறியைப் படிப்பார், பதில் வரும், குறித்துக்கொள்வார். ஸ்பீக்கரின் முறை வரும்போது அவர் குறியையும் படிப்பார். பிறகு பத்து விநாடி காத்திருப்பார். அந்தப் பத்து விநாடியும் ரேடியோவில் வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும். இங்கே ஜன்னலோர நாற்காலியில் அவள் கணவரின் உதடுகள் அசையும். "பதில் இல்லை. அடுத்து" என்பார் ஹெட்மாஸ்டர். எட்டு மாதமாக இதுதான் நடந்தது.

போன மாதம் அவள் பெயருக்கு ஹெட்மாஸ்டரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கோடு போட்டதுபோல் நேரான கையெழுத்து. ஆறு மாதம் பதில் தராத உறுப்பினரின் குறியைப் பதிவிலிருந்து எடுப்பது குழுவின் விதி. ஸ்பீக்கருக்காக இரண்டு மாதம் நீட்டித்தாயிற்று. அடுத்த மாத இரண்டாம் ஞாயிறுக்கு மேல் நீட்டித்தால் மற்றவர்கள் முகத்தில் விழிக்க முடியாது. அதோடு, தினமும் யோசிக்கிறேன் அம்மா, அந்தப் பத்து விநாடி அவருக்கு ஆறுதலா, தண்டனையா என்று தெரியவில்லை. தண்டனை என்றால் ஒரு வரி எழுதுங்கள், இந்த வாரமே நிறுத்திவிடுகிறேன்.

அவள் கடிதத்தை யூனிஃபார்ம் பையில் வைத்தாள். கணவரிடம் காட்டவில்லை. மூன்று நாள் கழித்துப் பதில் எழுதினாள்: நிறுத்தாதீர்கள். அவர் வாயால் பேச முடியாது, ஆனால் இடது கை நன்றாக இருக்கிறது. இடது கையால் ஏதாவது வழி உண்டா?

உண்டு என்றார் குழுவிலிருந்த 'வெல்டர்'. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்; அவள் நேரில் பார்த்ததே இல்லை. கணினியில் தட்டினால் எழுத்து ஒரு மாதிரி விசில் சத்தமாக மாறும். இந்தக் கறுப்புப் பெட்டி அந்தச் சத்தத்தை ரேடியோவுக்குள் அனுப்பும். கேட்கிறவர் வீட்டுக் கணினி அதைத் திரும்பவும் எழுத்தாக்கும். ஆங்கில எழுத்திலே தமிழைத் தட்ட வேண்டியிருக்கும், பரவாயில்லை. சத்தம் வந்தவுடன் பெட்டி தானாகவே ரேடியோவைப் பேசும் நிலைக்குத் தள்ளும், சத்தம் நின்றால் விட்டுவிடும். தன்னிடம் சும்மா கிடந்த பெட்டியையே வெல்டர் அனுப்பி வைத்தார்.

அந்த இரண்டாம் ஞாயிறு நாளைக்குத்தான்.

"போகமாட்டேங்குதே" என்று மேசைக்கு அடியிலிருந்து குரல் கொடுத்தாள். ஆறு முள் கொண்ட அந்தச் செருகியில் ஒரு முள் வளைந்திருந்தது. பையிலிருந்து கிடுக்கியை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் பல் தேய்ந்து ஒதுக்கியது. செருகியைக் கண்ணருகே கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, முள்ளை மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினாள். இந்த முறை டக்கென்று உட்கார்ந்தது.

"அடேங்கப்பா" என்றாள் நாத்தனார். "டாக்டரே தோத்தாரு போங்க."

"டாக்டர் வெட்டிட்டுப் போயிடுவார். எண்ணி, கழுவி, கட்டி வைக்கிறது நாங்கதான்."

அது உண்மை. ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாக அவளுக்கு அந்த வேலை. ஆபரேஷன் கருவிகளை எண்ணி, துணியில் சுற்றி, கோடு போட்ட டேப் ஒட்டி, தேதி எழுதி, நீராவி இயந்திரத்துக்குள் தள்ள வேண்டும். உள்ளே போகும்போது வெளிறிக் கிடக்கிற கோடுகள் வெளியே வரும்போது கறுத்திருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். எதை எடுத்தாலும் எழுதுவாள், எதைத் திறந்தாலும் மூடியதைக் குறிப்பாள். வீட்டிலும் அப்படித்தான். இந்தப் பெட்டிக்கும் ஒரு நோட்டு போட்டிருந்தாள்.

மேசைக்கு அடியில் வயர்கள் முடியைப் பிரித்துப் போட்டதுபோல் தொங்கிக்கொண்டிருந்தன. ரேடியோவுக்கு மின்சாரம் தரும் தடித்த வயர், கணினியின் சார்ஜர், புதிதாக வந்த பெட்டியின் வயர்கள் இரண்டு. கணவரின் கைத்தடி மாட்டி இழுத்துவிட்டால் எல்லாம் போச்சு. எனவே நாலையும் ஒன்றாகச் சேர்த்து, நீவி, நேராக்கி, கோடு போட்ட டேப்பால் நாலு இடத்தில் இறுக்கிச் சுற்றினாள். ஆஸ்பத்திரிக் கட்டு மாதிரியே கச்சிதமாக இருந்தது. அதைப் பார்த்ததும் அன்றைக்கு முதல் தடவையாக அவள் மனது கொஞ்சம் நிறைந்தது.

பிறகு வெல்டருக்கு ஃபோன் போட்டாள்.

"தங்கச்சி, முதல்ல ரேடியோவ அணைச்சு வச்சிட்டு டெஸ்ட் பண்ணுங்க" என்றார் அவர். பின்னால் சம்மட்டிச் சத்தம். "கணினியோட சத்தம் பெட்டிக்குப் போகுதான்னு பாருங்க. போனா பச்சை லைட்டு மினுக்கும்."

"எந்தச் சத்தம்ணே?"

"எந்தச் சத்தமா இருந்தா என்ன? கழுதை கத்தினாலும் சரி."

கணினியில் பாட்டு ஒன்றும் இல்லை. தேடித் துழாவியதில் ஒலி அமைப்புப் பக்கத்தில், கணினியின் சொந்த மைக்கில் விழுகிற சத்தத்தை அப்படியே வெளியே அனுப்ப ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டாள். மேசையில் தட்டினாள். பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கியது. நாத்தனார் ஒரு தும்மல் போட்டாள், அதற்கும் மினுக்கியது.

"போகுதுண்ணே!"

"அப்போ முடிஞ்சுது. பெட்டிய கணினியிலேருந்து கழட்டி வச்சிடுங்க. நாளைக்கு ஹெட்மாஸ்டர் நம்ம ஆளைக் கூப்பிடுறப்ப செருகினா போதும். ஆனா ஒண்ணு. அனுப்புற பட்டனை அவர்தான் அழுத்தணும். லைசன்ஸ் அவர் பேர்ல."

நோட்டில் பதினான்காவது வரியாக, 'மைக் – டிக் போட்டேன் – பச்சை – சரி' என்று எழுதினாள். கண்ணில் எரிச்சல். நிமிர்ந்தபோது கணவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைக் காட்டி, நாளைக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பிடிச்சிருக்கா பிடிக்கலையான்னாவது காட்டேன்ணே" என்றாள் நாத்தனார்.

"விடு. நாளைக்குப் பார்க்கலாம்" என்றாள் இவள். எட்டு மாதமாக அவள் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு இருபதுக்கு அவள் படியேறி வந்தாள். மூன்று மாடி. ஒவ்வொரு மாடி முனையிலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடு இரவில் இரண்டு விபத்து வந்து, வெட்டி முடித்துப் போட்ட கருவிகள் மலையாகக் குவிந்துவிட்டன, உட்காரவே முடியவில்லை. கால்கள் தன்னுடையவைதானா என்று சந்தேகமாக இருந்தது. வீட்டுக்குள் நாத்தனார் அண்ணனுக்குச் சவரம் முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை ரெடி" என்றாள். "நீங்க ஏன் அண்ணி இப்படிக் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருக்கீங்க? டீ வச்சிருக்கேன், குடிங்க. நான் வீட்டுக்குப் போய் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்."

டீயைக் குடித்தாள். சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை. கணவரின் நாற்காலியை மேசைக்கு முன்னால் தள்ளி, இடது கையைக் கணினியின் விசைகளுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தாள். தான் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். ஏழு மணிக்கு ரேடியோவைப் போட்டாள்.

ஹெட்மாஸ்டரின் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது. வருகைப் பதிவு ஆரம்பமானது. ஒவ்வொரு குறியாகப் படிக்க, ஒவ்வொருவரும் வணக்கம் சொன்னார்கள். ஒருவருக்கு ஜலதோஷம். ஒருவர் மொட்டை மாடியில் ஏரியல் கம்பி அறுந்துவிட்டது. வெல்டர் வந்தார்: "எல்லாருக்கும் வணக்கம். அடுத்த ஆளுக்கு வழிவிட்டு நான் வாயை மூடிக்கிறேன்."

"நன்றி" என்றார் ஹெட்மாஸ்டர். "அடுத்து நம்ம ஸ்பீக்கர். இன்னைக்கு அவர் எழுத்து மூலமா வர முயற்சி பண்றார். என் கணினி தயாரா இருக்கு, வர்றதை நான் படிச்சுக் காட்டுறேன். மத்தவங்க தயவுசெய்து குறுக்கே பேசாதீங்க." பிறகு குறியைப் படித்தார். பிறகு இரைச்சல்.

அவள் பெட்டியின் வயரைக் கணினியில் செருகினாள். "ம். தட்டுங்க. உங்க குறி மட்டும் தட்டி அந்தப் பட்டனை அழுத்துங்க."

அவர் இடது கையைத் தூக்கினார். விரல் விசைக்கு மேலே வந்து நின்றது. பிறகு, படம் போட்ட அட்டையை நீட்டினால் செய்வாரே, அதே மாதிரி கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க..."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அஞ்சு விநாடி, ஆறு விநாடி. அவளுக்கு உள்ளே எதுவோ அறுந்தது.

"தட்டுங்களேன்! ஒரு தட்டு! ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்கேங்க நான். என்னால முடியல. நெஜமாவே முடியல. எல்லார்கிட்டயும் 'நல்லா தேறி வர்றார், நல்லா தேறி வர்றார்'னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. டாக்டர் சொல்றதும் பொய், நான் சொல்றதும் பொய். உங்களுக்கும் அது தெரியும். அதான் எங்க மூஞ்சியவே பார்க்க மாட்டேங்கிறீங்க. ஹெட்மாஸ்டர் லெட்டர் போட்டிருக்கார், தெரியுமா? இன்னைக்குப் பதில் வரலைன்னா உங்க பேரை எடுத்துடுவாங்க. ஒரு மாசமா பையிலேயே வச்சிட்டு அலையறேன். இந்த வயரை செருகணும்னு என் முழங்கால் ரெண்டையும் அடகு வச்சேன். நீங்க ஒரு விரலைத் தூக்க மாட்டேங்கிறீங்க!"

மூச்சு வாங்கியது. பேச்சை நிறுத்தினாள்.

அப்போதுதான் ரேடியோவின் முகப்பில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு டப்பென்று அணைந்ததை இருவரும் பார்த்தார்கள். அந்தச் சிவப்பு எரிந்தால் ரேடியோ பேசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அல்ல.

"ஸ்பீக்..." என்றது ரேடியோ. சிவப்பு எரிந்தது, குரல் அறுந்தது. சிவப்பு அணைந்தது. "...யார் அந்த அம..." சிவப்பு. "...விதிப்ப..." சிவப்பு. ஹெட்மாஸ்டர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் குரலே மைக்கில் விழுந்து, பெட்டி வழியாக ரேடியோவைப் பேசும் நிலைக்குத் தள்ளி, அவர் வாயையே அடைத்துக்கொண்டிருந்தது.

பத்தொன்பது வருடப் பழக்கம் அவள் கையை நோட்டுக்கு இட்டுச் சென்றது. விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவினாள். பதினான்காவது வரி: 'மைக் – டிக் போட்டேன்.' அதற்குக் கீழே, எடுத்தேன் என்று எங்கேயும் இல்லை. போட்டதை எண்ணியவள் எடுத்ததை எண்ணவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் இப்படி நடந்தால் வயிற்றுக்குள் கத்தரி இருக்கும்.

ஒலிப் பக்கத்தைத் திறந்து டிக்கை எடுத்தாள். சிவப்பு ஓய்ந்தது.

"...கேட்குதா? இப்போ கேட்குதா?" என்றார் ஹெட்மாஸ்டர் முழுக் குரலில். பன்னிரண்டு வீட்டில் பன்னிரண்டு பேர் ரேடியோவுக்கு முன்னால் நெளிவது இரைச்சலிலேயே தெரிந்தது. "நடுவுல ஒரு அம்மா பேசினது எங்க எல்லாருக்கும் கேட்டுது. நல்லாவே கேட்டுது. அதைப்பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

மறுபடி செருமினார்.

"ஆனா விதியைச் சொல்லியாகணும். அழைப்புக்குறி சொல்லாம ஒரு நிலையத்திலேருந்து பேச்சு வந்திருக்கு. லைசன்ஸ் இல்லாதவங்க பேசுறதுன்னா, லைசன்ஸ்காரர் பக்கத்துல இருக்கணும், முடிக்கிறப்ப அவர் தன் குறியைக் கொடுக்கணும். கொடுக்கலைன்னா அந்த அம்மா பேசினது சட்டவிரோத ஒலிபரப்பு. நான் பதிவுல அப்படித்தான் எழுதணும். எழுத எனக்கு இஷ்டமில்ல. ஸ்பீக்கர், நீங்க பக்கத்துல இருக்கீங்களா? காத்திருக்கேன். பத்து விநாடி இல்ல. எவ்வளவு நேரமானாலும்."

அவள் கணவரைப் பார்க்கத் துணியவில்லை. முக்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீராவியில் வெந்து வெந்து தடித்த கைகள். இத்தனை பேர் காதில் வீட்டு மானத்தைக் காற்றில் விட்டாயிற்று. இனி அவர் ரேடியோ பக்கமே திரும்பமாட்டார் என்று நினைத்தாள்.

டக்.

நிமிர்ந்தாள். அவருடைய இடது ஆள்காட்டி விரல் ஒரு விசையில் இருந்தது. தேடித் தேடி அடுத்த விசைக்குப் போனது. டக். நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டது என்று ஃபோன் வந்தால், தட்டில் பாதிச் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து போவாரே, அப்போதைய முகம். குறி முழுதும் வந்ததும் பட்டனை அழுத்தினார். சிவப்பு எரிந்தது. ரேடியோவிலிருந்து குருவிக் குஞ்சு மாதிரி ஒரு மெல்லிய விசில் நெளிந்து நெளிந்து போயிற்று. நின்றது.

"வந்துட்டார்!" இது வெல்டர், விதியை மீறி.

"குறுக்கே பேசாதீங்க" என்றார் ஹெட்மாஸ்டர். ஆனால் அவர் குரலும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. "குறி வந்தது. பதிவு செஞ்சேன். அந்த அம்மா பேச்சு இப்போ சட்டப்படி சரி. ஸ்பீக்கர், உங்க சிக்னல் எப்படின்னு சொல்றேன். ரொம்ப மோசம். பாதி எழுத்து சிதைஞ்சு வருது. பின்னாடி தேனீக்கூட்டைக் கலைச்ச மாதிரி ஒரே ஹம். தெளிவு அஞ்சுக்கு மூணு. அதுவும் தாராளமா போட்டது. என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

அவள் பதறிப்போய்க் கணவரைப் பார்த்தாள். எட்டு மாதமாக டாக்டர், பயிற்சிப் பெண், தங்கை, தான், பக்கத்து வீடு என்று யாருமே அவரிடம் மோசம் என்ற சொல்லைச் சொன்னதில்லை. அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தாள். பிறகுதான் இழுத்துக்கொண்ட வாயின் ஒரு பக்கம் மேலே ஏறியிருப்பதைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தத்தோடு. ஆ, ஊ என்ற அதே சத்தம்; அதை மறைக்கக்கூட மறந்துவிட்டார்.

சிரித்து முடித்து, கைத்தடியின் நுனியால் மேசைக்கு அடியில் சுட்டிக் காட்டினார். டேப் சுற்றிய கட்டு. பிறகு தன் இரண்டு விரலை ஒட்டிக் காட்டி, பிரித்துக் காட்டினார்.

"ஒண்ணா கட்டினது தப்பா?" என்றாள்.

தலையை ஆட்டினார். மின்சார வயரைச் சத்தம் போகிற வயரோடு சேர்த்துக் கட்டினால் அதன் இரைச்சல் இதற்குள் ஏறிவிடும். நாலு இடத்தில், இறுக்கமாக, தேதி போடாத குறையாகக் கட்டி வைத்திருக்கிறாள்.

"அடக் கடவுளே. கச்சிதமா இருக்கட்டும்னு பார்த்தேன்."

மறுபடியும் வலது முழங்காலைக் கெஞ்சினாள், இடது முழங்காலை அதட்டினாள். மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு டேப்பை நகத்தால் பிய்த்தாள். கோடுகள் இன்னும் வெளிறியே இருந்தன. ஒவ்வொரு சுற்றாகப் பிரிய, வயர்கள் பழையபடி அவிழ்ந்து தொங்கின. தடித்த வயரை அந்தப் பக்கச் சுவருக்குத் தள்ளினாள். பெட்டியின் வயரை இந்தப் பக்கம் தன் தோளோரம் இழுத்து வைத்துக்கொண்டாள். தரை குளிர்ச்சியாக இருந்தது. முதுகு அந்தக் குளிர்ச்சியைக் குடித்தது. இன்னும் ஒரு சுற்று மிச்சம். ஒரு நிமிடம் கண்ணை மூடிவிட்டு அப்புறம் பிரிக்கலாம் என்று நினைத்தாள்.

தலைக்கு மேலே விசை தட்டுகிற சத்தம். டக். நீண்ட இடைவெளி. டக். பிறகு குருவிக் குஞ்சு விசில்.

"ம், இப்போ பரவாயில்ல" என்றது ஹெட்மாஸ்டர் குரல், எங்கேயோ தூரத்தில். "ஹம் முக்கால்வாசி போயிடுச்சு. தெளிவு நாலு. இன்னும் கொஞ்சம் இருக்கு. அதையும் சரி பண்ணச் சொல்லுங்க."

டக். டக். டக். இந்த முறை வெகுநேரம். எழுந்து அந்தக் கடைசிச் சுற்றையும் பிரித்துவிட வேண்டும் என்று அவள் மனது சொன்னது. கை கேட்கவில்லை. விசில் போயிற்று, நின்றது.

"படிக்கிறேன்" என்றார் ஹெட்மாஸ்டர். "'மிச்சம் அடுத்த வாரம். சரி பண்ற ஆள் மேசைக்கு அடியில் தூங்குறா. மெதுவா பேசுங்க.' இவ்வளவுதான் வந்திருக்கு."



"அடுத்து" என்று அடுத்தவரின் குறியைப் படித்தார் ஹெட்மாஸ்டர், வகுப்பில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு. அடுத்தவரும் அதே தாழ்ந்த குரலில் தன் குறியைச் சொல்லி, வணக்கம் என்றார்.